மைக் முன்னால் எந்த ஆங்கிலம்?

ஆங்கிலத்தில் செய்தி வாசிக்கவும், பாட்காஸ்ட் நடத்தவும், இணைய வகுப்புகளுக்குக் குரல் கொடுக்கவும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். வந்ததும் அவர்கள் கேட்பது குரலைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ அல்ல. "எந்த ஆக்சென்ட்டில் பேசணும்?" என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு ஆக்சென்ட்டைப் பழக மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும், பயிற்சிக்குப் பணம் வேண்டும். தப்பான ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் வீண்.

கண்ணெதிரே இருக்கும் வழிகள் நான்கு. பழைய பிபிசி பாணி, அமெரிக்க டிவி பாணி, பயிற்சி மையங்கள் 'நியூட்ரல்' என்று பெயர் சொல்லி விற்பது, சொந்த ஆக்சென்ட்டையே தெளிவாக்கிக்கொள்வது. மூன்று விஷயங்களை வைத்து இவற்றை எடை போடலாம். கேட்பவருக்குப் புரிகிறதா, கேட்பவர் நம்புகிறாரா, நேரலையில் ஒரு மணி நேரம் பேசினாலும் அந்த ஆக்சென்ட் நழுவாமல் நிற்குமா. நான் நான்காவது வழியின் பக்கம் நிற்பவன். ஆனால் முதல் வழியை ஒதுக்குவதற்கு முன், அது எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கும் பலர் மனதில் 'சரியான ஆங்கிலம்' என்று உட்கார்ந்திருப்பது அதுதான்.

பிபிசி 1922-இல் தொடங்கியது. அதை வளர்த்தெடுத்த ஜான் ரீத் தேடியது, நாட்டின் எந்த மூலையிலும் யாரும் கேட்டுச் சிரிக்காத ஓர் ஆங்கிலம். 1926-இல் பேச்சு ஆங்கிலத்துக்கென்று ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைவர். அவர் 1930-இல் இறந்த பிறகு நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா தலைவரானார். மொழியியல் பேராசிரியர் ஆர்தர் லாயிட் ஜேம்ஸ் செயலாளர். உச்சரிப்பு அகராதி தொகுத்த டேனியல் ஜோன்ஸும் குழுவில் இருந்தார். சந்தேகத்துக்கு இடமான சொற்களை அறிவிப்பாளர்கள் எப்படிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து, 1928 முதல் சிறு நூல்களாக வெளியிட்டார்கள். போர் வந்தபோது, 1939-இல், குழு நின்றுபோனது.

இதில் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும் ஒன்று உண்டு. ரீத் ஸ்காட்லாந்துக்காரர். ஷா டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரர். லாயிட் ஜேம்ஸ் வேல்ஸ்காரர். இந்த மூவரும் முன்னின்று நடத்திய நிறுவனத்தில் ஒலித்தது, மூவருடைய ஊருக்கும் சொந்தமில்லாத தென் இங்கிலாந்துப் பணக்காரப் பள்ளிகளின் உச்சரிப்பு. டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட அகராதியில் அதற்குப் 'பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு' என்றே பெயர் வைத்திருந்தார். பிற்பாடுதான் 'ரிசீவ்ட் ப்ரனன்ஸியேஷன்', சுருக்கமாக ஆர்.பி., என்ற பெயர் நிலைத்தது. 1970-களில் மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் போட்ட கணக்குப்படி, பிரிட்டனிலேயே அதைப் பேசியவர்கள் சுமார் 3 சதவீதம்தான். மீதி 97 பேர் வீட்டில் ஒன்று பேசினார்கள், ரேடியோவில் வேறொன்று கேட்டார்கள்.

இந்த ஏற்பாட்டால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரைச்சலோடு வரும் அந்தக் காலத்து ரேடியோவில், நாட்டின் இந்தக் கோடியில் இருப்பவரும் அந்தக் கோடியில் இருப்பவரும் ஒரே சொல்லை ஒரே மாதிரி கேட்டதில் வசதி இருந்தது. வெளிநாட்டுப் பெயர்களைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற கவனமும் அங்கிருந்து வந்ததுதான். இன்றும் பிபிசியில் உச்சரிப்புக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. ஊர்ப்பெயர், ஆள்பெயரை எப்படிச் சொல்வது என்று அது வழிகாட்டும். வாசிப்பவரின் ஆக்சென்ட்டில் தலையிடுவது அதன் வேலை இல்லை. பழைய குழுவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

நம் நாட்டுக்கும் அதே பாணிதான் வந்து சேர்ந்தது. 1935-இல் பிபிசியிலிருந்து லயனல் ஃபீல்டன் இங்கே வானொலியின் பொறுப்பாளராக வந்தார். 1936-இல் அதற்கு ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வந்தது. காந்தியின் இறுதி ஊர்வலத்தை ஏழு மணி நேரம் ஆங்கிலத்தில் நேரலையாக வர்ணித்த மெல்வில் டி மெல்லோ அந்த நிலையத்தின் குரல். ஆங்கில வானொலி என்றாலே இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் நம் தாத்தா காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

சரி, இனி விஷயத்தின் நடுவுக்கு வருவோம். 1941-இல் பிபிசியின் தேசியச் செய்தியை வாசிக்க வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைக் கொண்டுவந்தார்கள். அவர் வடக்கே யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர். போர்க்காலம். ஜெர்மானியர்கள் பிபிசி அறிவிப்பாளர்களைப் போலவே பேசிப் பொய்ச் செய்தி பரப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. அதனால்தான் 1940 முதல் வாசிப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஆர்.பி.யைப் படித்துப் பழகிக்கொள்ள முடியும், யார்க்ஷயர் பேச்சை அவ்வளவு சுலபமாகப் போலி செய்ய முடியாது என்பது கணக்கு.

அவர் பேச்சு எப்படி வேறுபட்டது என்று தமிழ் எழுத்திலேயே காட்டிவிடலாம். லண்டனில் 'பஸ்' என்பது அவர் ஊரில் கிட்டத்தட்ட 'புஸ்'. 'கப்' என்பது 'குப்'. தெற்கே 'பாத்' என்று நீட்டுவதை அங்கே குறிலாக வெட்டிச் சொல்வார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். இலக்கணம் அதேதான், சொற்களும் அதேதான், அதுவும் எழுதிக்கொடுத்த செய்தி. நள்ளிரவுச் செய்தியை முடிக்கும்போது வடக்கே இருப்பவர்களுக்காக 'குட் நீட்' என்று அவர்கள் வழக்கில் இரவு வணக்கம் சொன்னார். பெரிய சலசலப்பு கிளம்பியது. பத்திரிகைகளில் கேலிச்சித்திரங்கள் வந்தன. சில நேயர்கள் சொன்ன குறை இதுதான்: அவர் வாசித்தால் செய்தியை நம்ப முடியவில்லை.

இந்தக் குறையை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். 'புரியவில்லை' என்று அவர்கள் சொல்லவில்லை. சொன்னது 'நம்ப முடியவில்லை' என்று. கொஞ்ச காலத்தில் அவர் வடக்குக்கே திரும்பிவிட்டார். அப்புறம் 1946-இல் ஊர் ஊராகப் போய் சாதாரண மக்களிடம் பேசிக் கேள்வி கேட்கும் ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தார். அதே குரல், அதே 'புஸ்'. நாடே காது கொடுத்துக் கேட்டது, இருபது வருடங்களுக்கு மேல் நடந்தது. பொழுதுபோக்குக்கு இனித்த குரல் செய்திக்குக் கசந்தது. ஆக்சென்ட் பற்றிய பேச்சில் பெரும்பாலும் 'தெளிவு' என்ற சொல்லைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். உள்ளே நடப்பது அதிகாரத்தைப் பற்றிய வழக்கு. எந்தக் குரலுக்குச் செய்தி சொல்லும் தகுதி உண்டு என்பதை மனிதர்கள் பழக்கத்திலிருந்துதான் முடிவு செய்கிறார்கள்.

பழக்கம் மாறும் என்பதற்கும் பிபிசியே சாட்சி. 1967-இல் லெஸ்டரில் முதல் உள்ளூர் வானொலி தொடங்கியது, ஊர்க் குரல்கள் உள்ளே வந்தன. 2012-இல் காலை டிவி நிகழ்ச்சியையே லண்டனிலிருந்து வடக்கே சால்ஃபர்டுக்கு மாற்றினார்கள். எதிர்ப்பு ஒரேயடியாக அடங்கிவிடவில்லை. 2006-இல் ஜமைக்காவில் பிறந்த நீல் நூன்ஸ் பிபிசியின் ரேடியோ 4-இல் அறிவிப்பாளராக வந்தபோது புகார்கள் குவிந்தன. வடக்கே மிடில்ஸ்பரோவைச் சேர்ந்த ஸ்டெஃப் மக்கவர்ன் பிபிசியில் பொருளாதாரச் செய்தி சொன்னபோது, பேச்சைத் திருத்திக்கொள்ளும் செலவுக்கு வைத்துக்கொள் என்று 20 பவுண்டை இணைத்து ஒருவர் கடிதம் அனுப்பினார். 2021 டோக்கியோ ஒலிம்பிக் சமயத்தில், பிபிசியில் தொகுத்து வழங்கிய முன்னாள் கால்பந்து வீராங்கனை அலெக்ஸ் ஸ்காட் சொல்லின் கடைசி 'ங்'கைச் சரியாகச் சொல்வதில்லை என்று ஒரு பிரபு பொதுவெளியில் குறை சொன்னார். கிழக்கு லண்டனின் பாப்லரில் உழைப்பாளிக் குடும்பத்தில் வளர்ந்த அலெக்ஸ், என் பேச்சைப் பற்றி எனக்குப் பெருமைதான் என்று பதில் சொன்னார். இவர்களில் யாரும் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. கேட்பவர்கள்தான் பழகிக்கொண்டார்கள்.

ஆர்.பி.யும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை எடுத்து, 1950-களில் அவர் உயிரொலிகள் எப்படி இருந்தன, 1980-களில் எப்படி மாறின என்று ஜோனதன் ஹாரிங்டன் குழுவினர் அளந்து 2000-இல் வெளியிட்டார்கள். ராணியின் உச்சரிப்பே தன் குடிமக்களின் பேச்சை நோக்கி நகர்ந்திருந்தது. பழைய ஒலிப்பதிவுகளை வைத்துக்கொண்டு இன்று ஒருவர் 'பிபிசி ஆங்கிலம்' பழகினால், பிரிட்டனே விட்டுவிட்டுப் போன ஒன்றைப் பழகுகிறார் என்று அர்த்தம். முதல் வழிக்கு எதிராக நான் வைக்கும் முக்கியமான வாதம் இது.

இரண்டாவது வழியான அமெரிக்கப் பாணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் இதே கதைதான் நடந்தது. 1943-இல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான என்பிசி தன் அறிவிப்பாளர்களுக்கென ஓர் உச்சரிப்புக் கையேட்டை வெளியிட்டது. தெற்கத்திப் பேச்சும் நியூயார்க் பேச்சும் செய்திக்கு ஆகாதவை என்ற எண்ணம் பரவியது. தென் கரோலினாவில் வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஸ்டீஃபன் கோல்பேர், டிவியில் தெற்கத்திப் பேச்சுக்காரர்களை மந்தபுத்திக்காரர்களாகக் காட்டுவதைப் பார்த்துச் சின்ன வயதிலேயே அந்தப் பேச்சை விட்டதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு குழந்தை தொலைக்காட்சியைப் பார்த்துத் தன் ஊர்ப் பேச்சை உதறுகிறது என்றால், அந்தத் 'தரம்' யாருக்கு என்ன செய்தது என்று யோசிக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இந்த வழியில் ஒரு வசதி உண்டு. 'கார்' என்ற சொல்லின் கடைசி 'ர்' ஒலியை அமெரிக்கர்கள் முழுசாகச் சொல்வார்கள், நாமும் சொல்வோம். உங்கள் கேட்பவர்கள் அமெரிக்கர்கள் மட்டும்தான், வேலை கொடுப்பவர் அதைத்தான் கேட்கிறார் என்றால் பழகிக்கொள்ளுங்கள். தொழில் என்றால் அதுவும் ஒரு திறமை. ஆனால் எழுதிவைத்து வாசிக்கும் விளம்பரத்துக்கு அது தாங்கும். திடீரென்று கேள்வி வரும் நேரலையில், அவசரத்தில், கோபத்தில், சிரிப்பில் கடன் வாங்கிய ஆக்சென்ட்தான் முதலில் நழுவும். பாதியில் நழுவும் ஆக்சென்ட் முதலிலிருந்தே இருக்கும் தமிழ் வாசனையைவிடக் காதை அதிகம் உறுத்தும்.

மூன்றாவது வழி 'நியூட்ரல் ஆக்சென்ட்'. சென்னையிலும் பெங்களூரிலும் கால் சென்டர்கள் பெருகிய காலத்தில் இந்தப் பெயரில் பயிற்சி வகுப்புகளும் பெருகின. எந்த ஊருக்கும் சேராத ஆக்சென்ட் என்று ஒன்று கிடையாது. எல்லா வாயும் ஏதோ ஓர் ஊரில் பேசப் பழகியதுதான். அந்த வகுப்புகளில் உருப்படியாகக் கிடைப்பது நிதானமாகப் பேசுவதும், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் சொல்வதும், சரியான அசையில் அழுத்தம் கொடுப்பதும். அவற்றைக் கற்றுக்கொள்ள ஆக்சென்ட்டை அழிக்க வேண்டியதில்லை.

அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பை இதற்கு நல்ல உதாரணமாகச் சொல்வேன். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத உலக நேயர்களுக்காக ஆரம்பித்தது. சுமார் 1500 சொற்களுக்குள் எழுதினார்கள், சாதாரண வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வாசித்தார்கள். வாசித்தவர்கள் அமெரிக்கர்களாகவே பேசினார்கள், ஆக்சென்ட்டை மறைக்கவில்லை. எளிய சொல், சின்ன வாக்கியம், நிதானமான வேகம் ஆகிய மூன்றையும் வைத்தே உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தார்கள். நம் பிள்ளைகளோ வேகமாகப் பேசினால்தான் சரளம் என்று நினைக்கிறார்கள். வேகத்தைக் குறைத்தாலே ஆக்சென்ட் பற்றிய புகாரில் பாதி காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான்காவது வழி. முதலில் அதில் இருக்கும் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2010-இல் ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கெய்ஸர் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தண்ணீர் இல்லாமல் ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தாங்கும் என்பது போன்ற பொதுஅறிவு வாக்கியங்களைப் பல ஆக்சென்ட்டுகளில் பேசவைத்து அமெரிக்கர்களிடம் போட்டுக் காட்டினார்கள். அயல் ஆக்சென்ட்டில் கேட்டபோது அவர்கள் கொஞ்சம் குறைவாகவே நம்பினார்கள். பிக்கிள்ஸ் அனுபவித்தது வெறும் வர்க்கத் திமிர் மட்டுமல்ல, காதுக்குப் பழகாத ஒலியை மனம் கொஞ்சம் தயங்கியே ஏற்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. சொந்த ஆக்சென்ட்டோடு மைக் முன் உட்காருபவர் இந்தத் தயக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

ஆனால் புரிதல் வேறு, ஆக்சென்ட் வேறு என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கனடாவில் மர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995-இல் செய்த ஆய்வில், 'ஆக்சென்ட் ரொம்பக் கனமாக இருக்கிறது' என்று மதிப்பெண் போட்ட அதே ஆட்கள், பல இடங்களில் பேசியதை முழுசாக, ஒரு சொல் விடாமல் எழுதிக்காட்டினார்கள். கனமான ஆக்சென்ட் என்றால் புரியாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அப்படியானால் எந்த இடங்களில் புரியாமல் போகிறது என்று கண்டுபிடித்து அவற்றை மட்டும் சரிசெய்தால் போதும்.

அந்த இடங்கள் எவை? ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் வெளியிட்ட நூலில், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எது குழப்புகிறது, எது குழப்பவில்லை என்று பிரித்தார். 'திங்க்', 'தட்' ஆகியவற்றின் முதல் ஒலி வெள்ளைக்காரர் போல வராவிட்டால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை என்றார். நம்மவர்கள் வருடக்கணக்கில் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துப் பாடுபடும் ஒலி அது. உயிரொலியின் நீளம் முக்கியம் என்றார். அதில் தமிழருக்குப் பிறவியிலேயே பலம் இருக்கிறது, குறில் நெடில் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாம்.

நமக்கு இடறும் இடம் வேறு. குத்தும் பின்னையும் குப்பை போடும் பின்னையும் தமிழில் எழுதினால் ஒரே எழுத்துதான். நாம் ஆங்கிலத்தில் சொன்னாலும் வெள்ளைக்காரர் காதுக்கு இரண்டும் ஒன்றாகப் போய்விடுவதுண்டு. குத்தும் பின்னைச் சொல்லும்போது அவர்கள் 'ப'வோடு ஒரு மூச்சுக் காற்றையும் சேர்த்து விடுவார்கள். நாம் விடுவதில்லை. ஒரு டிஷ்யூ தாளை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். தாள் ஆடினால் சரி. ஆடவில்லை என்றால், அவர்கள் காதில் பூங்காவுக்கான 'பார்க்' நாய் குரைப்பதாக விழலாம். சொல் முதலில் வரும் ட, க ஒலிகளுக்கும் இதேதான்.

அடுத்தது சொல்லழுத்தம். ஜென்கின்ஸ் இதைக் கட்டாயப் பட்டியலில் வைக்கவில்லை. ஆனால் இந்திய ஆங்கிலம் எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து ஆர். கே. பன்சல் 1969-இல் வெளியிட்ட நூல், அழுத்தம் தப்பான அசையில் விழுவதைப் பெரிய தடையாகக் காட்டியது. என் அனுபவமும் பன்சல் பக்கம்தான். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதல் அசையில். 'ஃபட்டாக்ரஃபர்' என்றால் இரண்டாவதில். 'டெவலப்' என்று நாம் முதலில் அழுத்துவதை அவர்கள் 'டிவெலப்' என்று இரண்டாவதில் அழுத்துவார்கள். இதை அகராதி பார்த்து, சொல்சொல்லாக, பேனாவால் குறித்துப் பழகத்தான் வேண்டும். 'எவ்ரி' என்பதை 'யெவ்ரி' என்று ஆரம்பிப்பது, விலங்குகள் இருக்கும் 'ஸூ'வை 'ஜூ' என்பது, 'ஸ்கூல்' முன் ஓர் இகரம் ஒட்டிக்கொள்வது ஆகியவையும் பட்டியலில் உண்டு. இவை சில வாரங்களில் சரியாகும்.

சரிசெய்யவே வேண்டாத பட்டியலும் இருக்கிறது. 'கார்' என்பதன் 'ர்' ஒலியை விழுங்கக் கற்றுக்கொள்ளாதீர்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் அதைச் சொல்கிறார்கள். 'பாத்' என்று நாம் நீட்டுவது ஏற்கெனவே தென் இங்கிலாந்து வழக்கம். நம் ஆங்கிலத்தில் பல ஊர் ஒலிகள் கலந்து கிடக்கின்றன, அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

நான்காவது வழிக்கு இன்னொரு பலம் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் பெயர்கள். கடன் வாங்கிய ஆக்சென்ட்டில் பேசும் தமிழர் 'மயிலாப்பூர்' என்று வரும் இடத்தில் திணறுவார். 'தமிழ்' என்ற பெயரில் இருக்கும் ழகரத்தை அவர் தெரிந்தே கெடுக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பாணி உடைந்துவிடும். சொந்த ஆக்சென்ட்டில் வாசிப்பவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. திருநெல்வேலியும் யாழ்ப்பாணமும் அவர் வாயில் முழுசாக வரும். அந்தப் பெயர்கள் உலகத்தின் காதில் சரியாக விழ வேறு வழியும் கிடையாது.

ஆக, என் பரிந்துரை இப்படி. அமெரிக்க விளம்பரம், குறிப்பிட்ட நாட்டுக் கதாபாத்திரம், வாடிக்கையாளர் கேட்கும் குறிப்பிட்ட பாணி என்றால் அதைப் பழகுங்கள், அது நடிப்புக் கலையின் பகுதி. செய்தி, பாட்காஸ்ட், பாடம், நேர்காணல் என்றால் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே நில்லுங்கள். 'நியூட்ரல்' என்று எழுதி ஒட்டிய வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், அங்கே அழுத்தமும் வேகமும் சொல்லித்தருகிறார்களா என்று கேளுங்கள். உதட்டையும் நாக்கையும் மாற்றச் சொல்வதோடு நிறுத்துகிறார்கள் என்றால் வேண்டாம்.

எதைத் திருத்துவது என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. இரண்டு நிமிடச் செய்தி ஒன்றைப் பதிவு செய்யுங்கள். உங்களைத் தெரியாத, தமிழ் தெரியாத ஒருவருக்கு அனுப்பி, காதில் விழுந்ததை அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். 'ஆக்சென்ட் எப்படி' என்று கேட்காதீர்கள், கேட்டால் எல்லாரும் ஏதாவது ஒரு அபிப்பிராயம் சொல்வார்கள். அவர் தப்பாக எழுதிய சொற்களையும் விட்டுவிட்ட சொற்களையும் வட்டமிட்டு அவற்றை மட்டும் பழகுங்கள். அடுத்த மாதம் வேறொருவருக்கு அனுப்புங்கள்.